சகலை வாசல் மிதியா விரதம்

ஷாத்லி தன் வாழ்க்கையில் ஒரே ஒரு சத்தியம்தான் செய்திருந்தார். அதையும் அல்லாஹ்வின் பேரில், பதினாறு சாட்சிகளுக்கு முன்னால், வாய் நிறைய இறைச்சியோடு செய்திருந்தார். சகலை நெஜாத்தின் வீட்டு வாசற்படியைச் சாகும்வரை மிதிப்பதில்லை என்பதே அந்தச் சத்தியம்.

காரணம் லேசுப்பட்டதல்ல. ஷாத்லி, ஸ்ஃபாக்ஸ் நகரில் முப்பத்தோரு வருஷம் ஆலிவ் எண்ணெயை ருசி பார்த்துத் தரம் சொல்லும் உத்தியோகத்தில் இருந்தவர். அவர் நாக்கு சரி என்றால்தான் கப்பல் கிளம்பும். அப்பேர்ப்பட்டவர், மனைவி கமரின் அக்கா நஸீஹா ஒரு துருக்கிக்காரரைக் கட்டிக்கொண்டு இஸ்தான்புல்லில் கிடக்கிறாளே என்று இரக்கப்பட்டு, முதல் பிழிவு எண்ணெயில் ஒரு டின் அனுப்பி வைத்தார். மறு வருஷம் விருந்துக்கு வந்த அந்தத் துருக்கிக்காரர் நெஜாத், நிறைந்த சபையில் நன்றி சொன்னார்.

"அருமையான எண்ணெய், சகலை! எங்க கொல்லைக் கதவு பத்து வருஷமா கிறீச்சு கிறீச்சுன்னு கத்திக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு சொட்டு விட்டேன் பாருங்க. இப்ப மூச்சுக் காட்டறதில்ல."

அன்று செய்த சத்தியத்துக்கு இப்போது ஆறு வயது.

அம்மான் நகரில் இருக்கும் மகன் வீட்டில் புதுப் பேத்தியைக் கொஞ்சிவிட்டு ஊர் திரும்பும்போது, காலை எட்டு மணிக்கு இஸ்தான்புல்லில் விமானம் மாற வேண்டியிருந்தது. மாறப் போனார்கள். டிக்கெட்டைப் பார்த்த பெண், அவர்களுடைய விமானம் நாளைக் காலை என்றாள்.

ஷாத்லி மனைவியைப் பார்த்தார். டிக்கெட் வாங்கியது அவள்தான்.

"ஐயையோ, தேதியைச் சரியா பாக்கலைங்க," என்றாள் கமர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"அப்ப ஒரு நாள் முழுக்க இந்த ஊர்லயா?" ஷாத்லி விரலை நீட்டினார். "இதோ பாரு கமரு, உங்க அக்கா வீட்டுப் பேச்சை மட்டும் எடுத்தே..."

"நான் எடுத்தேனா?"

"எடுக்கப்போறே."

"எடுக்க மாட்டேங்க. சத்தியம்னா சத்தியம். நீங்க முறிக்கிறேன்னு சொன்னாலும் நான் விட மாட்டேன்."

சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு எதிராளி இல்லாமல் போனது. ஆனாலும் மூச்சு இழுத்தாயிற்று, வீணாக்க மனமில்லை. அங்கேயே பிரகடனம் செய்தார்.

"நடக்கலாம்! திட்டம் கிடையாது. மேப் கிடையாது. யாரையும் வழி கேக்கிறது கிடையாது. கால் போன போக்குல ஊரைச் சுத்திட்டு, இங்கயே வந்து உக்காந்துக்கலாம்."

"யார் கால் போன போக்கு?"

"இது என்ன கேள்வி?"

"சரிங்க," என்று கமர் குனிந்து தன் கான்வாஸ் ஷூவின் கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். ஷாத்லியின் காலில் மகன் வாங்கிக் கொடுத்த புதுத் தோல் ஷூ. அவருடைய பழைய செருப்பை அவள் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பெட்டி விமானத்துக்காரர்களிடம் இருந்தது.

பஸ்ஸில் கடல் பக்கம் வந்து இறங்கினார்கள். பாலத்தின்மேல் வரிசையாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஷாத்லி அரபியில் ஆலோசனை வழங்கினார். அவர்கள் துருக்கியில் என்னவோ சொன்னார்கள். அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

பாலம் தாண்டியதும் மேடு.

"டிராம் போகுதுங்க. ஏறிக்குவோமா? உங்களுக்கும் அறுபத்தெட்டு ஆச்சு, பாவம்."

"யாருக்குப் பாவம்?"

அறுபத்தெட்டு வயது டிராமை முந்திக்கொண்டு மேடேறியது.

அடுத்த மேட்டில் டாக்ஸி நின்றது.

"இதுலயாவது போகலாங்க. நெஜாத் மச்சானே இந்த மேட்டை ரெண்டு தடவை நின்னுதான் ஏறுவாராம்."

ஷாத்லி நிற்காமல் ஏறினார். உச்சியில் ஒரு சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதன் வேலைப்பாட்டை ரசிப்பதாகச் சொன்னார். வேலைப்பாடு ஒன்றுமில்லை, செங்கல்.

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டியை எண்ணெயில் தொட்டு நாக்கில் வைத்தார். நல்ல எண்ணெய். மிக நல்ல எண்ணெய். ஷாத்லிக்குத் துக்கமாகிவிட்டது.

"எப்படிங்க இருக்கு?"

"கதவுக்குப் போடலாம்."

அதற்குப் பிறகு கமர் வலப்பக்கம் நல்ல நிழல் என்றாள், ஷாத்லி இடப்பக்கம் திரும்பினார். இறங்கிவிடலாம் என்றாள், ஏறினார். மனைவி சொன்னதற்கு எதிர்ப்புறம் போவது நாற்பது வருஷமாக அவர் கட்டிக் காத்துவரும் சுதந்திரம். இஸ்தான்புல்லுக்கு ஏழு குன்று என்பார்கள். மாலை ஐந்து மணிக்குள் ஷாத்லி ஒன்பது ஏறியிருந்தார்.

கடைசியில், துணி காயும் கொடிகளுக்குக் கீழே ஒரு குறுகிய சந்தில், இரண்டு குதிகாலும் ஒரே சமயத்தில் உரிந்தன. அவருக்கு அழுகை வந்தது. அதைத் தும்மலாக மாற்றிக்கொண்டார்.

"உக்காருங்க, உக்காருங்க! அந்த நீலக் கதவுப் படி வேணாம். எதிர் வீட்டுப் படியில உக்காருங்க."

ஷாத்லி நீலக் கதவுப் படியில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். வீங்கிய பாதத்தை அது இனி உள்ளே விடாது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"அப்ப, ஏர்போர்ட்டுக்கு நடக்கலாமா?" என்றாள் கமர். அவளுக்கு வியர்க்கக்கூட இல்லை.

ஷாத்லி சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"கமரு."

"சொல்லுங்க."

"உங்க அக்கா வீடு எந்தப் பக்கம்?"

"எந்த அக்கா?"

"உனக்கு எத்தனை அக்கா? ஒரே ஒருத்தி. கல்லு மாதிரி இருக்கா."

"அந்தப் பேச்சே வேணாம். அல்லாஹ் மேல சத்தியம். பதினாறு பேர் சாட்சி."

"அதுல அஞ்சு பேர் மவுத்தாயிட்டாங்க."

"அப்ப அவங்க முதல்லயே போய்ச் சொல்லியிருப்பாங்க."

ஷாத்லி குரலைத் தாழ்த்தினார். "மார்க்கத்துல இதுக்கு வழி இருக்கு. உனக்குத் தெரியாது. கோபத்துல சத்தியம் பண்ணிட்டு, அதை முறிக்கிறதுதான் நல்லதுன்னு தோணுச்சுன்னா முறிச்சுடலாம். பத்து ஏழைங்களுக்குச் சோறு போட்டா தீந்துச்சு."

"அப்படியா? எனக்கு எங்கங்க இதெல்லாம் தெரியும்?" கமர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "முறிக்கிறதுதான் நல்லதுன்னு தோணுதா உங்களுக்கு?"

"தோணுது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன். நான்தான் கேக்கறேன். போதுமா?" பாதத்தை ஊதிக்கொண்டே கெஞ்சினார். "ரொம்ப தூரமா?"

"இல்லைங்க."

கமர் அவர் தலைக்கு மேலாகக் கையை நீட்டி நீலக் கதவைத் தட்டினாள். உள்ளே காத்திருந்ததுபோல் உடனே திறந்தது. தோளில் துண்டும் கையில் வெந்நீர்ப் பாத்திரமுமாக நஸீஹா நின்றாள். அவள் பின்னால் நெஜாத், ஒரு ஜோடி வீட்டுச் செருப்போடு.

"என்ன கமரு, மூணு மணிக்கே வந்துடுவார்னு சொன்னே?" என்றாள் நஸீஹா. "ரெண்டு தடவை தண்ணி ஆறிப்போச்சு."

"கொஞ்சம் கூடுதலா தாக்குப் பிடிச்சார் அக்கா," என்றாள் கமர், பெருமையோடு.

ஷாத்லி தான் உட்கார்ந்திருந்த படியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். இவ்வளவு நேரமாக எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது மெல்ல மெல்ல உறைத்தது.

"அடிப்பாவி! இன்னும் ஒரு ஏழைக்குக்கூடச் சோறு போடலையே! என் சத்தியம் என்னாகிறது?"

"பதறாதீங்க," என்று கமர் அவர் ஷூக்களைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நாம ஊர்லேர்ந்து கிளம்பறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே பத்து பேருக்கும் போட்டாச்சு."