ஆவி வராத ஞாயிற்றுக்கிழமைகள்

காரைக்காலில் எஞ்சினின் இருமலைக் கேட்டே வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரைத் தோற்கடித்த எஞ்சினும் உலகத்தில் ஒன்றுதான். அது முழங்கை நீளம் இருக்கும்.

இந்தக் கதைக்குப் பிறகு எங்கள் தெருவில் அவருக்கு ஆவி சார் என்று பெயர். கிளிஞ்சல்மேட்டு விசைப்படகுகளுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக். படகில் காதை வைத்து, "இதுக்கு நெஞ்சுச் சளிங்க" என்பார். அரை மணியில் படகு கடலில் இருக்கும்.

அறுபது வயதில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. மொட்டை மாடியில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, கரியில் ஓடும் குட்டி நீராவி எஞ்சின் ஒன்றைப் பித்தளையில் செய்தார். அவர் மனைவி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். எஞ்சின் தண்ணீர்த் தொட்டி வரை போய், மூச்சு வாங்கி நின்றுவிடும்.

"ஒரே ஒரு சுத்து முழுசா சுத்திக் காட்டுங்க. அப்பறம் பெருமை பேசலாம்" என்று அந்த அம்மா கேலி செய்வார். அதைப் பார்க்காமலே ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டார்.

அதன்பின் ஞாயிறுதோறும் மாலையில் ஆவி சார் மாடியிலேயே கிடந்தார். கரியை மாற்றினார். புகைபோக்கியை நெட்டையாக்கினார், குட்டையாக்கினார். எஞ்சின் அதே தொட்டியருகே நின்றது. அவர் கத்துவது தெருமுனை வரை கேட்கும்.

"ஆவி வரமாட்டேங்குதே! வா, வந்து தொலையேன்!"

கீழ்வீட்டு ராஜாத்தி அக்கா வெலவெலத்துப் போனார். காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மனிதர் பெண்டாட்டியின் ஆவியைக் கூப்பிடுகிறார்! இரண்டு நாளில் தெருவில் மூன்று பேர் அந்த ஆவியைப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் சேலை நிறம்கூடச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அக்கா விபூதியும் ஊதுபத்தியுமாக மாடி ஏறினார். துணைக்கு நான். பயம் அக்காவுக்குத்தான் என்று எழுதிக்கொள்கிறேன்.

"சார், கூப்புட்டது போதும். அவங்கள நிம்மதியா போவ விடுங்க."

"யாரச் சொல்றீங்க?"

"உங்க சம்சாரத்த. ஆவி வா, ஆவி வான்னு..."

"அய்யோ, இது தண்ணி ஆவிங்க! இட்லிப் பானையில வருதே, அது!"

அக்கா நம்பவில்லை. புகைந்துகொண்டிருந்த எஞ்சினைச் சுற்றி ஊதுபத்தி காட்டினார். புகைபோக்கிக்குக் கீழே இருந்த முன்பக்க வட்டக் கதவருகே வந்ததும், பத்திப் புகை மேலே போகாமல் கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்தது.

"உள்ள போறாங்க!" என்று அலறினார் அக்கா.

ஆவி சார் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தார். புகைபோக்கி இழுக்கிற காற்று கரித்தீ வழியாக வந்தால்தான் தீ கனன்று தண்ணீர் கொதிக்கும். இங்கே அது கதவிடுக்கில் திருட்டுத்தனமாகப் புகுந்து போய்க்கொண்டிருந்தது. எஞ்சினை ஆறவைத்து, படகு எஞ்சினுக்குப் பூசும், சூடு தாங்கும் பசையை எடுத்துக் கதவின் விளிம்பில் பூசினார்.

மறு ஞாயிறு எஞ்சின் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்தது. நாங்கள் கைதட்டினோம். அவர் தட்டவில்லை. காலி நாற்காலியையே பார்த்தார்.

"இப்ப வந்து என்னங்க புண்ணியம்?" என்றார். சாவு வீட்டிலும் அழாத மனிதர், அப்போது அழுதார்.

அக்கா நாற்காலிக்கு முன்னால் ஓர் ஊதுபத்தியை ஏற்றி வைத்தார். "பாத்துட்டாங்க சார். நல்லாப் பாத்துட்டாங்க."

ஆவி சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆவி, பேய் எதையும் நம்பாத ஆள் நான். "ஆமாங்க, நானும் பாத்தேன், சிரிச்சாங்க" என்றேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம்.