இருமிவிட்டு உள்ளே வரும் குடும்பம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் நலமாக இருக்க உங்கள் செல்லப்பெண் விட்டால்தானே? என் மகளைத்தான் சொல்கிறேன், செல்லம் கொடுத்துக் கெடுத்தது நீங்கள். சினிமாக் கல்லூரியில் கடைசி வருடத்துக்கு ஒரு படம் எடுக்கிறாளாம். சண்டை முடிந்து ஒரு சிப்பாய் வீடு திரும்புகிறான். உடம்பில் ஒரு கீறல் இல்லை, மனசு மட்டும் திரும்பி வரவில்லை. யாரைப் பற்றி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் "வேண்டாம்" என்று ஒரு வரி எழுதிப் போட வேண்டும். என் பேச்சை இந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்? "பெரியப்பா வேண்டாம்னா எடுக்கல" என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

என் வீட்டுக் கூடத்தில் எனக்கே இடமில்லை அண்ணா. சாப்பாட்டு மேசை தயாரிப்பு அலுவலகம் ஆகிவிட்டது, என் நாற்காலியில் ஒரு பெரிய விளக்கு உட்கார்ந்திருக்கிறது, நான் நின்றுகொண்டே பேப்பர் படிக்கிறேன். அவளும் கூடப் படிக்கிறவர்களும் பணத்துக்கு அலைந்தார்கள். தெருமுனைப் பல் டாக்டர் தருவதாகச் சொன்னார், ஆனால் சிப்பாய்க்குப் பல்வலி வந்து குணமாக வேண்டுமாம். மெத்தைக் கடைக்காரர் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார், தூக்கம் வராத சிப்பாய் கடைசிக் காட்சியில் அவர் கடை மெத்தையில் படுத்ததும் குறட்டை விட வேண்டும் என்றார். நல்ல முடிவுதானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். இவள் அவரிடம், "மெத்தையில படுத்தா சரியாகிற வலி இல்ல அங்கிள் இது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வந்த பணமும் போச்சு. வாஷிங் மெஷினுக்குச் சேர்த்ததை என் வீட்டுக்காரி எடுத்து நீட்டிவிட்டாள், பதிலுக்குச் சிப்பாயின் அம்மா வேஷம் அவளுக்கு. கண்ணாடி முன்னால் அழுது பழகுகிறாள். நான் என்னவோ ஏதோ என்று ஓடிப் போனால் ஷாட்டைக் கெடுத்துவிட்டேன் என்கிறாள். இப்போது எல்லோர் கண்ணும் என் ஸ்கூட்டர் மேல்.

ஸ்கூட்டர் போனால் போகட்டும். எனக்குப் பயம் வேறு. எல்லாம் என் இருமலால் வந்த வினை. "ஏம்ப்பா, எந்த ரூமுக்குள்ள வந்தாலும் இருமிட்டே வர்றீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன். நீங்கள் சண்டையிலிருந்து திரும்பி வந்த புதிதில், சத்தமில்லாமல் பக்கத்தில் யார் வந்தாலும் உங்களுக்குத் தூக்கிவாரிப்போடும் என்று வீடே இருமப் பழகியதை. அப்பா இருமினால் பழைய லாரி கிளம்புகிற மாதிரி இருக்கும். அம்மாவுக்கு இருமத் தெரியாது, தொண்டையைச் செருமுவாள். நம் வீட்டில் எல்லோருக்கும் காசநோய் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சையே குறைத்துக்கொண்டார்கள். ஒரு மத்தியானம் தட்டு விழுந்த சத்தத்தில் என்னை மேசைக்கடியில் தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டீர்களே, அன்று உடைந்த என் முன்பல்லைத்தான் பல் டாக்டர் இலவசமாகவே சரிசெய்கிறேன் என்கிறார். அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஒருநாள் அம்மா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தபோது, பின்னால் வந்த நீங்கள் இருமினீர்கள். அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காக நாங்கள் எவ்வளவு காத்திருந்தோம் தெரியுமா? அதெல்லாம் நம் வீட்டோடு இருக்கட்டும் அண்ணா. முன்பின் தெரியாதவர்கள் இருட்டில் உட்கார்ந்து உங்களைப் பார்த்து உச்சுக்கொட்டினால் என்னால் தாங்க முடியாது. அதனால் அந்த ஒரு வரியை உடனே எழுதுங்கள்.

அண்ணியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தைலத்தைத் தவறாமல் தேயுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி

பி.கு.: கவரை ஒட்டப் பசை எடுக்கக் கூடத்துக்குப் போனேன். ஒத்திகை நடந்தது. உங்கள் வேஷக்காரர் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். என் வேஷக்காரர் வாசற்படியில் நின்று மெல்ல இருமினார். சிப்பாய் திரும்பிப் பார்க்கவில்லை, கொஞ்சம் நகர்ந்து தம்பிக்கு இடம் விட்டார். நீங்கள் அப்படித்தான் செய்வீர்கள். ஆனால் அதை நான் இவளிடம் சொல்லவே இல்லை. யார் சொன்னது என்று கேட்டேன். "பெரியப்பாதான். எடுக்கச் சொன்னதே அவர்தாம்ப்பா" என்கிறாள். இதை முதலிலேயே என்னிடம் சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லையா?

அந்த வரியை எழுத வேண்டாம். ஸ்கூட்டரை வாங்க ஆள் பார்த்துவிட்டேன். படப்பிடிப்புக்கு நீங்களே வந்துவிடுங்கள். காலிங்பெல் வேண்டாம், வாசலில் நின்று ஒரு தடவை இருமுங்கள். நாற்காலியிலிருந்து விளக்கை இறக்கி வைக்கிறேன்.