அஞ்சே நிமிஷமும் மிளகு ஏணியும்

பொறுமை இல்லாதவள் குளிரோடு வேலை செய்யக் கூடாது. நான் செய்தேன். (காபி ஆறும்வரைகூடக் காத்திருக்க மாட்டேன். வெந்த நாக்கு சாட்சி.)

ஆராய்ச்சி மாணவியாக நான் கட்டி மேய்த்தது ஒரு நுண்ணோக்கி. கடும் காந்தப்புலத்தில், கடும் குளிரில், ஊசிமுனையால் அணுக்களைத் தடவித் தடவிப் படம் எடுக்கும். திரவ ஹீலியம் வாங்கி ஊற்றும் பாடு இல்லை. ஃப்ரிட்ஜ் மாதிரி ஒரு கம்ப்ரசரே குளிரூட்டிவிடும். ஆனால் அது 'தக் தக்' என்று ஆடும், அந்த ஆட்டம் படத்தில் கோடு கோடாக விழும். கோடில்லாத ஒரு படம் கிடைத்தால் என் ஆய்வேடு முடிந்துவிடும்.

நான்கு நாள் குளிரவைத்துப் படம் எடுக்கும் அன்றைக்குத்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மலைமேல் திண்ணனூர் நாட்டில் எங்கள் வீட்டுக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடம், மிளகு பறிக்க மரத்தில் சாத்திய மூங்கில் ஏணியின் உச்சி. காலையிலிருந்து பட்டுச்சேலையோடு ஏழு முறை ஏறி இறங்கினேன். எட்டாவது முறை போனில் வந்த படத்திலும் கோடுகள். லேபில் இருந்த தோழி கவிதாவை அழைத்தேன்.

"கம்ப்ரசரை நிறுத்துடி. அஞ்சே நிமிஷம், காந்தம் சூடாகறதுக்குள்ள படம் எடுத்துடலாம். நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதே!"

அதற்குள் கீழே ஜீப் வந்து நின்றது. "எறங்கு கண்ணு, வந்துட்டாங்க!" என்ற அம்மா, இறங்கியதும் போனைப் பிடுங்கி மிளகுக் கூடையில் போட்டாள்.

காபித் தட்டோடு நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் பதினெட்டு நிமிடம் ஓடியிருந்தது. டம்ளர்கள் கம்ப்ரசரைவிட மோசமாக ஆடின.

"ஐயோ, சூடாயிருக்கும்!" என்று கத்திவிட்டேன்.

"இல்லீங்க, பதமாத்தான் இருக்குது" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, ஒரு வாய் குடித்துப் பார்த்து.

தட்டை அவர் மடியில் வைத்துவிட்டுக் கூடைக்கு ஓடினேன், அங்கிருந்து ஏணிக்கு.

"ஏனுங்க, பொண்ணு மரமெல்லாம் ஏறுமுங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டது உச்சிவரை கேட்டது.

"நீதானே தொடாதேன்னே!" என்றாள் கவிதா. "காந்தம் சூடாகி மொத்தப் புலமும் போச்சுடி. படம் பாதிதான் வந்துச்சு."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு குலுங்கியும் ஏணி மட்டும் ஆடவில்லை. குனிந்து பார்த்தால், மாப்பிள்ளை இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அழுது முடிச்சுட்டு மெதுவா எறங்குங்க. புடிச்சுக்கறேன்."

ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போனது. கல்யாணம் தள்ளிப்போகவில்லை. இன்றும் நான் எதற்காவது "அஞ்சே நிமிஷம்" என்றால் போதும், அடுப்படியிலிருந்து மாமியார் மகனுக்குக் குரல் கொடுப்பார்:

"சாமி, போயி ஏணியப் புடி!"