கிறைண்டருக்குப் போட்ட தடை

கம்ப்யூட்டர் ஓடும்போது இந்த வீட்டில் கிறைண்டர் ஓடக்கூடாது. இது நான் போட்ட சட்டம். சமையல் நடக்கிற குசினி வாசலில் நின்று, எங்கள் ஊர் பாலையூற்றில் பாதிப் பேருக்குக் கேட்கக் கத்தித்தான் போட்டேன்.

கத்தாமல் என்ன செய்வது? நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். துறைமுகத்தடியில் இருக்கிற என் பட்டறைக்கு வந்த எந்த எஞ்சினும் ஓடாமல் திரும்பிப் போனதில்லை. அப்படிப்பட்ட நான் ஒவ்வொரு சாமானாக வாங்கி, என் கையாலேயே ஒரு கம்ப்யூட்டர் பூட்டினேன். எல்லாம் மனைவி ஜெயரூபிக்காகத்தான். வீட்டில் இருந்தபடியே கலியாண அழைப்பிதழ் செய்து கொடுக்கிறவள் அவள். அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்தது தெரியுமா? மாப்பிள்ளையின் பெயரை அடித்து முடித்துப் பொம்பிளையின் பெயருக்கு வரும்போது பொசுக்கென்று நின்றது. ஒருநாள் இல்லை, ஒவ்வொரு நாளும்!

"இஞ்சேருங்கோ, மெசினிலதான் ஏதோ பிழை," என்றாள் ஜெயரூபி.

"நான் பூட்டின மெசினில பிழையோ?"

"நீங்கள் பூட்டினபடியாத்தான் சொல்லுறன்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"பிழை உம்மட கிறைண்டரில! அதைப் போட்ட உடன கரண்ட் குறையுது. கரண்ட் குறைய மெசின் நிக்குது. இதுகூட விளங்காதே உமக்கு?"

"கிறைண்டர் போடாத நேரமும் நிண்டதே?"

"அது கிறைண்டரைக் கண்ட பயத்தில நிண்டது!"

"சரி. நான் கம்ப்யூட்டரில இருக்கேக்க இடியப்பத்துக்குச் சம்பல் ஆர் அரைக்கிறது?"

"நான் அரைக்கிறன்! அம்மியில அரைக்கிறன்! ஏன், எனக்குக் கையில்லையோ?"

கோபம் வந்தால் வாயை விடுகிற மனுசன் நான். அவள் நேரே போய் அம்மியைக் கழுவி வைத்தாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அரைத்தேன். நாற்பது குதிரைவலு எஞ்சினைத் தனியாகத் தூக்குகிற கை, மூன்றாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க மாட்டேன் என்றது. மிளகாய்க் கையால் கண்ணைத் தொட்டுவிட்டு முற்றத்தில் நின்று துள்ளினேன். இவ்வளவுக்குப் பிறகும் அந்தச் சனியன் நின்று நின்றுதான் ஓடியது. பக்கத்து வீட்டுக் கிறைண்டர்தான் காரணம் என்று வேலிக்கு மேலால் நல்லம்மா அக்காவையும் ஏசினேன்.

"தம்பி கதிரவேல், எங்கட வீட்டில கிறைண்டரே இல்லை," என்றார் அவர்.

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமையில் இருந்து கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை. பத்து நாள் பழுதில்லாமல் ஓடியது.

"பாத்தீரே?" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"ஓமப்பா. உங்கட சட்டம் வேலை செய்யுது," என்றாள். "விடாமல் அரையுங்கோ."

பதினோராம் நாள் பட்டறையில் இருந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு செய்தி கண்ணில் பட்டது. ஒரு கம்பனி தன் மதர்போர்டுகளைத் திருப்பி எடுக்கிறதாம். அந்த வகைப் போர்டில் ஒரு பாகம் சூடேறி, கம்ப்யூட்டர் தானாகவே நின்றுவிடுமாம். வாங்கிய கடையில் கொடுத்தால் புதியது தருவார்களாம். கீழே மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். எந்த வகை என்று பார்த்தேன். என்னுடையதேதான்.

கம்பனிக்கென்ன, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடும். நானல்லவா ஜெயரூபிக்கு முன்னால் நின்று, "பிழை மெசினிலதான், நீர் சொன்னது சரி" என்று சொல்ல வேண்டும்! கலியாணம் முடித்துப் பதினாறு வருசத்தில் அந்த வசனம் என் வாயில் வந்ததில்லை. அதைச் சொல்வதைவிடக் கடலில் குதிக்கலாம். இப்போது ஒழுங்காக ஓடினாலும் அது எந்த நேரமும் நிற்கும். அதற்கு முன் அவளுக்குத் தெரியாமல் போர்டை மாற்றிவிட வேண்டும்.

அடுத்த நாள் சனிக்கிழமை. நிலாவெளியில் ஒரு கலியாண வீட்டுக்கு அவள் புறப்பட்டதும் கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு மணித்தியாலம் வியர்வை வழிய எல்லா வயரையும் கழற்றி, போர்டை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு டவுனுக்குப் பறந்தேன். சாமான் எல்லாம் வாங்கியது நஸ்ரியின் கடையில். துவாயை அவிழ்த்துப் போர்டை அவன் மேசையில் வைத்தேன். வைத்தேன் என்ன, அடித்தேன்.

"தம்பி, என்ன சாமான் தந்தனீர்? என்ர பேரே போச்சு! மாத்தித் தாரும்!"

நஸ்ரி போர்டைத் திருப்பி இலக்கத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இது மாத்தின போர்டுதானே."

"ஆர் மாத்தினது?"

"நான்தான். போன கிழமை செவ்வாய் அக்கா முழுப் பெட்டியையும் ஓட்டோவில ஏத்திக் கொண்டு வந்தாங்க. அரை மணித்தியாலத்தில மாத்திக் குடுத்தன்."

"அவவுக்கு எப்பிடித் தெரியும்?"

"கம்பனி சொன்ன உடன நான் கோல் எடுத்தேனே. பில்லில அவங்கட நம்பர்தான் இருக்கு. வேலை நேரத்தில உங்களுக்கு எடுக்கக் கூடாது எண்டு நீங்கதான் அதைத் தந்தீங்க."

"பிறகேன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

நஸ்ரி சிரிப்பை விழுங்கினான். "அக்காதான் சொல்ல வேணாம் எண்டாங்க. மனுசன் இப்பதான் நல்லா அரைக்கப் பழகியிருக்கார், குழப்பாதீங்க எண்டாங்க."

அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத ஏலாது. கம்பனியை ஏசினேன், நஸ்ரியை ஏசினேன், யாரென்றே தெரியாத அந்த ஓட்டோக்காரனையும் ஏசினேன். ஏசி முடித்து மோட்டார் சைக்கிளை உதைத்தேன். "என்னை ஏமாத்தி அரைக்க வைச்சனீரோ?" என்று வழிநெடுகச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தேன்.

வாசலில்தான் எனக்கு உறைத்தது. அதைக் கேட்டால், நான் ஏன் கடைக்குப் போனேன் என்று அவள் கேட்பாள். செய்தியை ஒளித்தது, களவாகக் கழற்றியது எல்லாம் வெளியே வரும். நெஞ்சு முட்டக் கோபம் இருக்கிறது, காட்டத்தான் வழியில்லை!

ஜெயரூபி எனக்கு முன்னமே வந்துவிட்டாள். திறந்து கிடந்த பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னப்பா இது, திறந்து கிடக்குது?"

"தூசி தட்டினனான். மெசினெண்டா சேர்விஸ் செய்ய வேணும்தானே."

"போர்டைக் காணேல்லை?"

"பட்டறைக்குக் கொண்டு போய்க் காத்தடிச்சனான். இப்ப பூட்டிவிடுறன்."

"டவுன் பக்கம் போகேல்லையோ?"

"எந்த டவுன்? நான் பட்டறையை விட்டு அசையேல்லை!"

"சரி, பூட்டுங்கோ," என்று கதிரையை எனக்கு விட்டு எழும்பினாள். "நஸ்ரி இப்பதான் கோல் எடுத்தவர். போர்டை அவற்ற மேசையிலயே விட்டிட்டு வந்திட்டீங்களாம்."