கேட்டைத் திறந்த எலுமிச்சம்பழம்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. நாமக்கல் பக்கத்துல ஒரு கோழிப்பண்ணைக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராம், முட்டை லாரிக்கான கேட் பாஸ்ல டிரைவர் பேரை ரெண்டு தடவை அடிக்குது. அதைச் சரி பண்ணணும்.

வீட்டுல உக்காந்து பிரேக்பாயிண்ட் வெச்சேன். வேற ஒண்ணுமில்ல, புரோகிராமுக்கு நடுவுல நாம போடுற செக்போஸ்ட். அந்த வரிக்கு வந்ததும் அப்படியே நிக்கும். உள்ள என்ன இருக்குன்னு நிதானமா சோதனை போடலாம்.

நின்னுச்சு! எனக்கு ஒரே பெருமை. டீயை எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணா நோண்ட ஆரம்பிச்சேன்.

போன் அடிச்சுது. பண்ணை மேனேஜர் பழனிசாமி.

"ஏனுங்க, பாஸ் வர மாட்டேங்குதுங்க. பாஸ் வந்தாத்தானுங்க கேட் தொறக்கும். லோடு ஏத்துன லாரி உள்ளயே நிக்குதுங்க."

"கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"பண்ணியாச்சுங்க."

"வயரை ஆட்டிப் பாருங்க."

"அதுக்குன்னே ஒருத்தரு நின்னு ஆட்டிக்கிட்டு இருக்காருங்க."

பின்னாடி டிரைவர் கத்தறார்: "இந்த வெயில்ல நின்னா ஆஃப்பாயிலாத்தான் எறக்கோணும்!"

இன்னொரு தடவை லோடு நின்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னு முதலாளி போன வாரமே சொல்லியிருந்தார். "உங்க நெட்டு சரியில்லீங்க"ன்னு வாய் கூசாம சொல்லிக்கிட்டே ஸ்கிரீனைப் பாத்தேன்.

டிரைவர் பேர்: முருகேசன். சோதனைக்கு நான் போட்டது என் பேரைத்தானே?

அடப்பாவி! செக்போஸ்ட் போட்டது என் லேப்டாப்ல இல்ல. பண்ணைக்குப் பாஸ் அடிக்கிற நிஜ சர்வர்ல!

"கண்ணு பட்டுருச்சுன்னு முதலாளி சொல்றாருங்க. கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் சுத்தறோம், லைன்லயே இருங்க சாமி."

"கற்பூரத்தப் பத்த வையி"ன்னு யாரோ சொன்னது கேட்டுச்சு. சத்தமில்லாம, நின்னதை மறுபடி ஓட விடுற 'கன்டினியூ' பட்டனை அமுக்கினேன்.

"தொறந்துருச்சுங்க!" அங்க ஒரே ஆரவாரம்.

அப்பாடான்னு ஆறிப்போன டீயைக் குடிச்சேன். செக்போஸ்டை எடுக்க மறந்துட்டேன்.

அடுத்த லாரி. மறுபடியும் போன்.

"இந்த லாரிக்குத் தனியாச் சுத்தோணுமாட்ட இருக்குதுங்க."

சுத்தினாங்க. அமுக்கினேன். தொறந்துச்சு. இந்தத் தடவை மறக்காம செக்போஸ்டைத் தூக்கிட்டேன்.

சாயங்காலம் முதலாளியே கூப்பிட்டார். தொலைஞ்சோம்னு நினைச்சு எடுத்தேன்.

"தம்பி, உங்க மேல தப்பில்லீங்க. கண்ணுதான். இனிமே தெனமும் லோடு ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு பழம் சுத்தச் சொல்லிட்டனுங்க."

"நல்லதுங்க."

"அந்தப் பேரு மட்டும் இன்னும் ரெண்டு தடவ வருது. அதுக்குப் பூசணிக்கா ஒடச்சாத்தான் போகுங்களா?"

அமாவாசை அன்னைக்கு உடைங்கன்னு சொல்லியிருக்கேன். அதுக்குள்ள நான் சரி பண்ணிடணும்.