மச்சான் வீடு சங்கக் கட்டடமான விவரம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
யுவ வருஷம் ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை காலை

தைப்பிங்கில் ரயில்வே உத்தியோகத்தைக் கௌரவமாக முடித்து ஓய்வு பெறப்போகும் மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் சின்னையா அவர்கள் சமூகத்திற்கு, கோலாலம்பூர் ஏலக்காரர் வேலாயுதம் கைகூப்பி எழுதிக்கொண்டது. பத்துமலையான் கிருபையால் இவ்விடம் நான் சுகம். தங்கள் தங்கை வள்ளியம்மா சுகம். வாசல் மாமரம் சுகம், கிணற்றுத் தண்ணீர் சுகம், தாங்கள் கட்டிய வீடும் சுகம். வீட்டைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் விவரமாக எழுதுகிறேன். அவ்விடம் தங்கள் முழங்கால் வலியும் அக்காளின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று தெரிவிக்க வேண்டியது.

ஆவணி பிறந்ததும் குடும்பத்தோடு வந்து சொந்த வீட்டில் குடியேறப்போவதாகத் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்து மெத்த சந்தோஷம். "வீட்டை நான் விட்டுவந்தபடியே வைத்திருங்கள்" என்று அதில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். அப்படியே வைத்திருக்கிறேன், மச்சான். ஒரு செங்கல் குறையவில்லை, ஓர் ஓடு நகரவில்லை. புதிதாகக் கூடியிருப்பது வாசலில் ஒரு பெயர்ப்பலகை மட்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தாங்கள் கேட்பதற்கு முன், எங்கள் சிலாங்கூர் ஏலக்காரர் சங்கத்தின் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டால் பலகை தானாகவே விளங்கிவிடும்.

போன சனிக்கிழமை கிள்ளானில் ஒரு காப்பிக் கடை மாடியில் எங்கள் வருஷக் கூட்டம் நடந்தது. சங்கத்துக்குச் சொந்த இடம் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும். கூட்டம் நடக்கும்போதே கடைக்காரர் வந்து, கீழே ஆள் வந்திருக்கிறது என்று நாங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போவார். நன்றியுரை சொல்லும் நேரத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருப்போம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மரியாதைக்காக நிற்கிறோம் என்று நினைப்பார்கள். இருந்தாலும் இந்த வருஷம் அருமையான தீர்மானங்கள் நிறைவேறின. பழைய கட்டில் எது வந்தாலும் "இது பெரிய துரை படுத்த கட்டில்" என்று கூவி விற்கக் கூடாது என்பது முதல் தீர்மானம். இந்த ஊரில் இருக்கும் துரைமார்களைவிட அவர்கள் படுத்த கட்டில்கள் பல மடங்கு ஆகிவிட்டதால் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாமானின் சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் எதையும் ஏலத்தில் வைக்கக் கூடாது, வைத்தாலும் செல்லாது என்பது இரண்டாவது. இதை எழுதி வாசித்தவன் நானே. என் குரலில் அந்தத் தீர்மானம் கணீரென்று இருந்தது. கைதட்டல் கீழே காப்பிக் கடை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அதற்குப் பிறகு தலைவர் தேர்தல். இத்தனை நாளாகத் தலைவராக இருந்த அய்யாவு, எங்களில் மூத்தவர், எழுந்து நின்று, "எனக்குத் தொண்டை போச்சுப்பா. கூவுனா காத்துதான் வருது. வேற யாராச்சும் வாங்க. யாருக்கு இஷ்டமோ கையைத் தூக்குங்க" என்றார். ஒருவரும் தூக்கவில்லை. தூக்க முடியுமா, சொல்லுங்கள்? ஏலக்கடையில் கையைத் தூக்கினவன் கதி என்ன ஆகும் என்று மற்ற யாரையும்விட எங்களுக்குத்தானே தெரியும்! மூக்கு அரித்தால்கூடச் சொறியாமல் நிற்கப் பழகியவர்கள் நாங்கள். அறை முழுக்கச் சிலைபோல உட்கார்ந்திருந்தோம். அய்யாவு பார்த்தார், பார்த்தார், கடைசியில் பொறுக்கமாட்டாமல் பையிலிருந்து சுத்தியலை எடுத்து மேஜையில் வைத்து, "சரி, நம்ம வழியிலேயே போவோம். தலைவர் பதவி! பழுதில்லாத பதவி! சங்கத்துக்கு யாரு என்ன தருவீங்க? கேளுங்க!" என்றார். அவ்வளவுதான், அறைக்கு உயிர் வந்துவிட்டது.

முதலில் கேட்டது கிள்ளான் காதர் பாய். துறைமுகச் சாமான்களை ஏலம் விட்டுப் பெரிய ஆளானவர், கிள்ளானில் சரக்கு அடுக்கிவைக்கச் சொந்தமாகக் கிட்டங்கி வைத்திருக்கிறார். "எல்லாருக்கும் ஒரு தேத்தண்ணி" என்றார். எனக்கு அந்தப் பதவிமேல் துளிகூட ஆசை இல்லை, மச்சான், இதைத் தாங்கள் நம்ப வேண்டும். ஆனால் ஒரு சாமான் மலிவாகப் போவதை இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. எங்கள் தொழிலில் ஏற்றிவிடுவது என்று ஒன்று உண்டு. வாங்குகிறவன் நெஞ்சில் இன்னும் தெம்பு இருக்கிறது என்று தெரிந்தால், வாங்குகிறவனைப் போலவே நின்று கூடக் கேட்டுக்கொண்டே போய், அவன் விட்டுவிடுவதற்கு ஒரு படி முன்னால் நாம் விட்டுவிட வேண்டும். அந்த ஒரு படியைக் கண்டுபிடிப்பதில் சிலாங்கூரில் எனக்கு நிகர் இல்லை. காதர் பாய் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தால் அவரிடம் இன்னும் ஓர் ஏலக் கேள்வி பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். இதை நான் பல வருஷமாகக் கவனித்து வைத்திருக்கிறேன்.

ஆகவே நான் "தீபாவளிக்கு இலை போட்டுச் சாப்பாடு" என்றேன். அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு "பெருநாளுக்குப் பிரியாணி" என்றார். நான் "தைப்பூசத்துக்குப் பத்துமலையில சங்கத்து பேருல தண்ணிப் பந்தல்" என்றேன். அவர் துடைத்தார். "என் கிட்டங்கியில ஒரு மூலை, சங்கத்து ஆபீஸுக்கு" என்றார். பாருங்கள், இடம் வந்துவிட்டது! ஒரு மூலை தருகிறவரை இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் கிட்டங்கி முழுவதையும் தந்துவிடுவார், சங்கத்துக்குச் சொந்த இடம் கிடைத்துவிடும். என் மனதில் இருந்தது சங்கத்தின் நன்மை ஒன்றுதான். நான் எழுந்து, குரலை ஏற்றி, "பிரிக்பீல்ட்ஸில் வீடு! முன்ஹால், விறாந்தை, கிணறு, மாமரம், ரயில் ஸ்டேஷன் கூப்பிடு தூரம்!" என்றேன். காதர் பாய் கழுத்தைத் துடைத்தார். நான் நிம்மதியாக உட்கார்ந்தேன். அய்யாவு "ஒரு தரம்" என்றார். காதர் பாய் மறுபடியும் துடைத்தார். "ரெண்டு தரம்." பாய் வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். அய்யாவு என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இழுத்தார், இழுக்கிற இழுப்பில் அவருக்குக் குரல்கூடத் திரும்பி வந்துவிட்டது. "மூணு தரம்!" தட்டிவிட்டார்.

காதர் பாய் வெற்றிலையோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "முபாரக் அண்ணே! உங்களை எம்புட்டுத் தூரம் ஏத்த முடியும்னு பார்த்தேன், வீடு வரைக்கும் வந்துட்டீங்களே!" என்றார். அன்றைக்குப் பார்த்து மாடியில் விசிறி ஓடவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அதனால் என்ன? எப்படிப் பார்த்தாலும் தங்கள் மைத்துனன் இன்று சிலாங்கூர் ஏலக்காரர் சங்கத்தின் தலைவன். அந்தப் பெருமையில் பாதி தங்களுடையது. வீட்டை வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேலேயே வரும்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் எல்லோரும் இடத்தைப் பார்வையிட வந்தார்கள். ஏலக்காரனை ஒரு வீட்டுக்குள் விட்டால் அவன் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே நடந்தவர்கள் பேசிக்கொண்டே எல்லாவற்றுக்கும் நம்பர் சீட்டு ஒட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆட்டுக்கல்லுக்கும் ஒட்டியிருக்கிறது, சுவரில் இருக்கும் தங்கள் கல்யாணப் படத்துக்கும் ஒட்டியிருக்கிறது. இத்தனை பேர் உள்ளே போவதைப் பார்த்து வாசலில் கும்பல் கூடிவிட்டது. கும்பலைப் பார்த்ததும் அய்யாவு தன்னை மறந்து தங்கள் தேக்குக் கட்டிலை விறாந்தைக்கு இழுத்துவரச் சொல்லி ஏலம் விட ஆரம்பித்துவிட்டார். துரை படுத்த கட்டில் என்று அவர் சொல்லவில்லை, தீர்மானத்தை மதித்து, ஸ்டேஷன் மாஸ்டர் படுத்த கட்டில் என்றுதான் சொன்னார். பழைய சாமான் வாங்கும் சீன முதலாளி, தௌக்கே ஒருவர், உடனே எடுத்து மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டார். தங்கள் தங்கை அடுப்படியிலிருந்து வெளியே வந்து பார்த்தாள். நேரே வண்டியில் ஏறிக் கட்டிலின் நடுவில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டாள். தௌக்கே "சுடா பெலி, சுடா பெலி", வாங்கியாச்சு, வாங்கியாச்சு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் இறங்கவில்லை. தெருக்கோடி வரைக்கும் வண்டி போனது. அங்கே போனதும் தௌக்கே என்ன நினைத்தாரோ, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, தான் கட்டிலை மட்டும்தான் கேட்டதாகவும் அம்மாளைச் சேர்த்துக் கேட்கவில்லை என்றும் சொல்லி இறக்கிவைத்துவிட்டுப் போனார். ஆகக் கட்டில் பத்திரமாக இருக்கிறது, தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

அன்று சாயங்காலம் வள்ளியம்மா என்னிடம், "அது எங்க அண்ணன் வீடு. குடியிருந்து பாத்துக்கோங்கன்னு குடுத்தா, தூக்கி சங்கத்துக்குக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. அண்ணன் வந்து எங்க இருப்பாரு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்கும் நான் ஏற்பாடு செய்திருக்கிறேன். முன்ஹாலும் விறாந்தையும் சங்கத்துக்கு. பக்கத்து அறை தலைவருக்கு, அதாவது எனக்கு. தங்களுக்கும் அக்காளுக்கும் சமையற்கட்டை ஒட்டிய சின்ன அறை. அது சாதாரண அறை இல்லை, மச்சான்! குளிர்ச்சியான அறை, கிணறு கைக்கெட்டும் தூரம், நெய் உருகும் வாசனை படுத்த இடத்துக்கே வரும், முழங்கால் வலிக்காரருக்குக் கதகதப்பு. வேறு யாராவது என்றால் போட்டி போட்டுக்கொண்டு கேட்பார்கள். காலையில் அங்கத்தினர்கள் வந்து முன்ஹாலில் குரல் பழகுவார்கள், தங்களுக்கும் சீக்கிரம் எழுந்திருக்கத் தோதாக இருக்கும்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் தங்கள் தங்கை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று காலை ரயிலில், காதர் பாய் வீட்டம்மா காத்தூன் பீவியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிள்ளானுக்குப் போயிருக்கிறாள். இருவரும் பழைய சினேகிதிகள். மனம் ஆறி வரட்டும் என்று நானும் தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கட்டடத் திறப்பு விழா. தாங்கள் முன்னதாகவே புறப்பட்டு வந்து, தங்கள் திருக்கரத்தால் பலகையைத் திறந்துவைத்து, சம்மதமாக இரண்டு வார்த்தை பேச வேண்டுமென்று தலைவர் என்ற முறையில் அழைக்கிறேன்.

அக்காளுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதமும். முருகன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், பொறுமையையும், குறிப்பாகப் பொறுமையையும் கொடுக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மைத்துனன்
வேலாயுதம்
தலைவர், சிலாங்கூர் ஏலக்காரர் சங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சாயங்கால ரயிலில் வள்ளியம்மா வந்து இறங்கினாள். அவள் பின்னாலேயே காதர் பாயும் அய்யாவும் ஒரு லோரியில் வந்தார்கள். பாய் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நடந்ததை அவரே சொன்னார். வள்ளியம்மா உள்ளே காத்தூன் பீவியோடு உட்கார்ந்து, திரைக்கு வெளியே இருக்கும் இவர் காதில் விழும்படி, "அண்ணனுக்கு ரொம்ப சந்தோஷமாம் அக்கா. வீட்டோட பின்கட்டையும் சேர்த்து சங்கத்துக்குத் தரேன்னுட்டாரு. இனிமே கிள்ளான்காரங்க யாரும் தலைவராவே வர முடியாதாம்" என்றாளாம். தாங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். பாய்க்கு எப்படித் தெரியும்? ஒரு கேள்வி காதில் விழுந்தால் மேல் கேள்வி கேட்காமல் இருக்க அவரால் முடியாதே! திரைக்கு வெளியிலிருந்தே, "பாதிக் கிட்டங்கி நான் தரேன்" என்றாராம். "மேல்மாடி இல்லையா அண்ணே?" என்றாளாம் இவள். "முழுக் கிட்டங்கியும் தரேன்லா, மாடியும் சேர்த்து!" என்றாராம் அவர். உடனே பாக்குவெட்டியால் வெற்றிலைத் தட்டில் ஒரு தட்டு. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாளாம்.

நான் விடவில்லை. தட்டினது தட்டினதுதான், அன்றைக்கே எனக்குத் தட்டியாகிவிட்டது என்று நியாயம் பேசினேன். அய்யாவு என் தோளில் கையை வைத்து, "சம்மதக் கடுதாசி இருந்தா காட்டுப்பா. சொந்தக்காரரு சம்மதம் இல்லாத சாமான் செல்லாதுன்னு கணீர்னு வாசிச்சது யாருப்பா?" என்றார். பலகையைக் கழற்றி லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இனிமேல் காதர் பாய் தலைவர்.

அவர்கள் போன பிறகு வள்ளியம்மாவிடம், அவர் எதுவரை போவார் என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "கழுத்தைத் தொடச்சா புழுக்கம்னு அர்த்தம். மனசு இளகினா அவரு 'லா' போட்டுப் பேசுவாரு, அதோட நிறுத்திக்கணும். காத்தூன் அக்கா எப்பவோ சொல்லிட்டாங்க" என்றாள். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, மச்சான். ஆனால் அவள் பாக்குவெட்டியால் தட்டிய அந்தத் தட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்பதுதான் பெரிய வருத்தம்.

ஆகவே மேலே எழுதியதில் சுகம் விசாரித்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எழுதாததாகப் பாவிக்கவும். நல்ல நடையில் எழுதிவிட்டதால் கிழிக்க மனம் வரவில்லை. தாங்கள் ஆவணியில் தாராளமாக வரலாம். முன்ஹாலும் விறாந்தையும் பக்கத்து அறையும் தங்களுக்குத்தான் என்று தங்கள் தங்கை ஒதுக்கிவிட்டாள். என் சாய்வுநாற்காலியில், நான் உட்கார்ந்திருக்கும்போதே, நம்பர் சீட்டு ஒட்டிச் சமையற்கட்டை ஒட்டிய சின்ன அறைக்கு மாற்றிவிட்டாள். அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இந்த அறையில் புகை வருகிறது, மச்சான்.