எட்டாவது மடிப்பு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. தகரத்துல மழை விழ ஆரம்பிச்சா என் குரல் எடுபடாது.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூடுபனி லயத்து வீட்டுக்குள்ளேயே வந்து படுத்துவிட்டது. அதன் பக்கத்தில் பழனியாண்டி, பாதித் தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் நின்றுபோனது. மேலே ஊற்றில் குழாய் கழன்றிருக்கும். யாராவது மலை ஏறவேண்டும். மழையில் ஏறினால் இலைக்கு ஒரு அட்டை ரத்த விருந்துக்குக் காத்திருக்கும்.

"ஏங்க, குழாய மாட்டிட்டு வாங்க."

"நீ போயேன் புள்ள. நல்ல கனவு ஒன்னு வருது."

மனைவி சீதாதேவி கோபப்படவில்லை. உள்ளே போய்வந்து, அவருக்கு அடியிலிருந்த பெட்ஷீட்டை உருவினாள்.

"இத எட்டுத்தரம் பாதி பாதியா மடிங்க. மடிச்சிட்டா நான் போறேன். இல்லாட்டி நீங்க."

பழனியாண்டிக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்து ஸ்டோரில் உலர்ந்த ரப்பர் சீட்டு மடிக்கிற கையாச்சே! அங்கே ஒரு மடிப்போடு வேலை முடிந்துவிடும் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

"எட்டு என்னா, பத்தே மடிப்பேன். சம்மதமா, ஹரியா?"

"ஹரி."

ஒரு மடிப்பு.

"எத்தன தட்டு?"

"ரெண்டு."

இன்னொன்று.

"நாலு."

மூன்றாவது.

"ஆறு!"

"ஓரத்த எண்ணிப் பாருங்க."

எண்ணினார். எட்டு. திரும்ப எண்ணினார். அதே எட்டு.

"என்னாடி, துணி குட்டி போடுதா?"

"நீங்க ரெண்டு ரெண்டா கூட்டுறீங்க. அது ஒவ்வொரு மடிப்புக்கும் ரெண்டு மடங்காகுது. எட்டாவதுல எரநூத்தி அம்பத்தாறு."

"சும்மா பயங்காட்டாத!"

பதினாறு. முப்பத்திரண்டு. ஆறாவதில் அறுபத்துநாலு, பெட்ஷீட் தலையணையாகிவிட்டது. ஏழாவதுக்கு முழங்காலை வைத்தார், ஏறி உட்கார்ந்தார், கடைசியில் கட்டிப்பிடித்துப் படுத்தே விட்டார். மெத்தென்று இருந்தது. கண் சொக்கியது. மலையையே பாதியாக மடிக்கிற மாதிரி, மேகம் ஒவ்வொன்றும் ரெண்டாகி, நாலாகி, வானமெல்லாம் வெள்ளைத் துணியாகி...

"ஏங்க!"

"ஆ... ஏழு முடிஞ்சிருச்சு!"

"கைய எடுங்க பாப்போம்."

எடுத்தார். துணி சோம்பல் முறித்து ஆறுக்கே திரும்பியது.

வேறு வழியில்லாமல் எழுந்து வாசலுக்குப் போனார். படியில் அவருடைய தொப்பி. பக்கத்தில், அட்டைக்காகக் காலில் பூசிக்கொள்ளச் சவுக்காரம், நனைத்தே வைத்திருந்தது.

"இத எப்ப எடுத்து வச்ச?"

"பெட்ஷீட்ட உருவ முந்தி."

சொல்லிவிட்டுச் சீதாதேவி அறுபத்துநாலு தட்டையும் தலைக்கு வைத்துக்கொண்டு, கண்ணை மூடினாள்.